குறி தப்பவில்லை... பெயர்தான் தப்பியது!

(மூன்றாமாண்டு, இயந்திரவியல் துறை மாணவன்)

"மலருக்கு ஏதாவது எழுதிக் குடுடா" என்று மலர்க் குழுச் செயலாளர் ஹாஸ்டல் அறை வாசலில் வந்து நின்றபோது, ஒரு கவிதை தருகிறேன் என்றுதான் சொன்னேன். "கவிதை ஏற்கெனவே நாப்பது வந்து கெடக்கு, அதுல பாதி நிலா, பாதி அம்மா. நீ உன் துப்பாக்கிக் கதைய எழுது" என்றான். ஹாஸ்டலில் என்னைத் 'துப்பாக்கி' என்றுதான் கூப்பிடுவார்கள். உண்மையில் என்னிடம் சொந்தமாகத் துப்பாக்கி கிடையாது நண்பர்களே! எங்கள் மாவட்ட ரைபிள் கிளப்பின் ஏர் ரைபிள் ஒன்றை ஐந்து பேர் மாற்றி மாற்றிச் சுடுகிறோம். அந்த ஐந்து பேரில் நான் ஒருவன், அவ்வளவுதான்.

ஆரம்பம் உங்களுக்கே ஞாபகம் இருக்கும். 2024 ஜூலை 28, ஞாயிற்றுக்கிழமை. மெஸ்ஸில் சிக்கன் போட்ட நாள். டி.வி.யில் பாரிஸ் ஒலிம்பிக். மனு பாக்கர் பத்து மீட்டர் ஏர் பிஸ்டலில் வெண்கலம் வாங்கியதும் மொத்த மெஸ்ஸும் தட்டைத் தட்டியது. நாலு நாள் கழித்து ஐம்பது மீட்டர் ரைபிள் மூன்று நிலைப் போட்டியில் ஸ்வப்னில் குசாலேவுக்கு வெண்கலம். அவர் கோலாப்பூர் மாவட்டத்துக் கிராமத்து ஆள், மத்திய ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகர் என்று செய்தியில் சொன்னார்கள். என் மண்டையில் மணி அடித்தது அந்த 'ரயில்வே' என்ற சொல்லில்தான். டிப்ளமோ படிக்கிறவனுக்கு ரயில்வே என்றால் என்ன என்று நான் விளக்க வேண்டியதில்லை. மார்க்கில் நாம் போக முடியாத வாசல் வழியாக விளையாட்டு ஒதுக்கீட்டில் போகலாமே என்று ஒரு கணக்கு. என்.சி.சி.யில் பாயிண்ட் டூ டூ ரைபிளில் கொஞ்சம் சுட்ட பழக்கம் வேறு இருந்தது. ஆகஸ்டிலேயே கிளப்பில் சேர்ந்துவிட்டேன்.

நம் துறைக்காரர்களுக்காகக் கொஞ்சம் கணக்கு சொல்கிறேன், மற்ற துறையினர் பொறுத்துக்கொள்ளவும். பத்து மீட்டர் தூரத்தில் இருக்கும் இலக்கில் 'பத்து' என்கிற புள்ளியின் விட்டம் 0.5 மி.மீ. ஆமாம், அரை மில்லிமீட்டர்தான். சுடுகிற பெல்லட்டின் விட்டம் 4.5 மி.மீ., எடை அரை கிராமுக்குச் சற்று மேல். வினாடிக்குச் சுமார் 175 மீட்டர் வேகம் என்று வைத்து இயக்க ஆற்றல் போட்டுப் பாருங்கள், எட்டு ஜூல் வரும். 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளில் இருபது ஜூலுக்குள், இதே 4.5 மி.மீ. துளைக்குள் இருக்கும் ஏர் கன்னுக்கு லைசென்ஸ் தேவையில்லை. (இதை நான் மூன்று ரயில்வே ஸ்டேஷன்களில் மூன்று போலீஸ்காரர்களுக்கு விளக்கியிருக்கிறேன். ஒருவர்தான் நம்பினார்.)

அறுபது குண்டு, எழுபத்தைந்து நிமிடம். ஒவ்வொரு குண்டுக்கும் தசமத்தில் மார்க். நடுமத்தியில் பட்டால் 10.9. மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, இதயம் ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவில் சும்மா இருக்கிற அந்தக் கணத்தில் விரல் தானாக அழுந்த வேண்டும். "நீ சுடக் கூடாது, அது சுட்டுக்கணும்" என்பார் எங்கள் கோச் சார், முன்னாள் ராணுவக்காரர். ஆறு மாதம் ஒரு குண்டுகூடப் போடாமல் வெறும் துப்பாக்கியைத் தூக்கிப் பிடித்து நிற்க வைத்தே என் முதுகை உடைத்தவர்.

இதெல்லாம் எனக்கு வந்தது. ரொம்பக் கெட்டியாக வந்தது என்றே சொல்வேன், தற்பெருமை என்று நினைத்தாலும் பரவாயில்லை. வராமல் போனது வேறு ஒன்று.

மாநிலப் போட்டிக்கு மேலே போக வேண்டும் என்றால் தேசிய அமைப்பின் அடையாள எண் வேண்டும். அந்த அமைப்பின் பெயரை இங்கே நான் எழுதப் போவதில்லை. எனக்கு இன்னும் சுட வேண்டியிருக்கிறது! 2025 பிப்ரவரியில் பஸ் ஸ்டாண்டு பக்கத்து பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து படிவத்தைத் திறந்தோம். முதல் கட்டம்: 'முதல் பெயர்.' இரண்டாம் கட்டம்: 'குடும்பப் பெயர்.' இரண்டுக்கும் பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம், அதாவது கட்டாயம்.

நமக்கு ஏதுங்க குடும்பப் பெயர்? ஆதாரில் இனிஷியலும் பெயரும். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் இனிஷியலும் பெயரும். ஒரே ஒரு எழுத்தாக அப்பா நம் பெயருக்கு முன்னால் நிற்பார், அவ்வளவுதான் அவருக்கு இடம். சென்டர் அக்கா ஒரு நிமிடம் யோசித்தார். "இனிஷியல் முன்னாடி வருதில்ல தம்பி? அப்ப முதல் பேரு அப்பா பேரு. உன் பேரு கடைசில வருது, அது ரெண்டாவது கட்டம்" என்று தட்டிவிட்டார். அந்த அக்கா மேல் எனக்கு இன்றுவரை கோபம் இல்லை. அவர் தர்க்கத்தில் என்ன தப்பு? தமிழ்நாட்டில் பிறந்த யாரும் அப்படித்தான் யோசிப்பார்கள். பணம் கட்டினோம். அப்பாவின் ஒரு வாரத் தறிக் கூலியைவிடக் கொஞ்சம் அதிகம். இரண்டே வினாடியில் 'பணம் பெறப்பட்டது' என்று குறுஞ்செய்தி வந்தது. இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த அமைப்பிடமிருந்து எனக்கு வேகமாக வந்த ஒரே பதில் அதுதான்.

கார்டு இணையத்தில் ஏறியபோது என் பெயர் இருந்த விதம்: முழுசாக அப்பா பெயர். அதன் பின்னால் என் பெயரின் முதல் எழுத்து. பத்தொன்பது வருஷமாக எனக்கு இனிஷியலாக இருந்தவருக்கு நான் இனிஷியல் ஆகிவிட்டேன்!

திருத்தலாம் என்று பார்த்தால் திருத்தும் வசதி இல்லை. 'மாற்றங்களுக்கு அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பவும்.' அனுப்பினேன். 'உங்கள் கோரிக்கை பெறப்பட்டது' என்று இயந்திரம் பதில் சொன்னது. ஒரு மாதம் கழித்து மறுபடி அனுப்பினேன். இயந்திரம் அதே பதிலைச் சொன்னது. இடையில் மாநிலப் போட்டி வந்தது, போனது. அங்கே எல்லாரும் நம்ம ஊர்க்காரர்கள். "இனிஷியல் பிரச்சனையா? எங்க பசங்க பாதிப் பேருக்கு இருக்குப்பா" என்று சிரித்துக்கொண்டே சுட விட்டார்கள். தகுதியும் பெற்றேன். "ஆனா இது அவங்க சிஸ்டம். மேலே போறதுக்குள்ள சரி பண்ணிக்கோ" என்றார் சங்கத்துக்காரர். சொல்வது சுலபம்.

இந்த அலுவலக விவகாரத்தை அனுபவித்தவர்களுக்குத்தான் புரியும். போட்டி அறிவிப்பு வரும், கடைசித் தேதிக்கு ரொம்பக் கிட்டத்தில். தேதி தாண்டினால் கட்டணம் இரு மடங்கு. டிக்கெட் புக் செய்த பிறகு அட்டவணை மாறும். எல்லாம் ஆங்கிலத்தில், கொஞ்சம் இந்தியில். சந்தேகம் கேட்கப் போன் செய்தால் மணி முழுதாக அடித்து ஓயும். எங்கள் கிளப்பில் ஒரு அக்கா, பிஸ்டல்காரர். போட்டி முடிந்து ஒன்றரை வருஷமாகச் சான்றிதழுக்குக் காத்திருக்கிறார். அவருக்கு வேலைக்கு விண்ணப்பிக்கிற வயது தாண்டிக்கொண்டிருக்கிறது. என் கதையைவிட அது பெரிய கதை. அவர் எழுத மாட்டார்.

தகுதிப் போட்டி 2025 அக்டோபரில், போபாலில். சென்னையிலிருந்து ஒரு ராத்திரி, ஒரு பகல். அன்ரிசர்வ்டில் ரைபிள் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு போக முடியாது என்று கோச் சார் சொல்லிவிட்டதால் ஸ்லீப்பரில் டிக்கெட். பெட்டியைத் தலைமாட்டில் வைத்து, அதன் கைப்பிடியில் என் அரைஞாண் கயிற்றைக் கட்டிக்கொண்டு தூங்கினேன். சிரிக்காதீர்கள். அந்தப் பெட்டிக்குள் இருந்தது நாலு பேருடைய அடுத்த வருஷம்.

அங்கே முதலில் உபகரணச் சோதனை. இதை நம் மெட்ராலஜி லேப் சார் பார்த்தால் கண்ணீர் விடுவார். ஜாக்கெட் துணியின் தடிமன் 2.5 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. அதற்கு ஒரு கருவி. ஷூவின் அடிப்பாகம் குறைந்தது 22.5 டிகிரி வளைய வேண்டும். அதற்கு ஒரு கருவி. ரைபிள் ஐந்தரைக் கிலோவைத் தாண்டக் கூடாது, அதற்குத் தராசு. சீனியரிடம் செகண்ட் ஹாண்டில் வாங்கிய என் ஜாக்கெட் எல்லாவற்றிலும் தேறியது. கடைசி மேஜையில் ஆதாரையும் கார்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார் ஒருவர். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். மறுபடி குனிந்தார். "யே கௌன் ஹை?"

"மை ஃபாதர், சார்."

"ஃபாதர் ஷூட்டிங்?"

"நோ சார். சன் ஷூட்டிங். ஃபாதர் நேம்."

இதற்கு மேல் என் ஆங்கிலமும் அவர் ஆங்கிலமும் ஒத்துழைக்கவில்லை. ரேஞ்சு அதிகாரி ஒருவரைக் கூப்பிட்டார்கள். வெள்ளை மீசை. அவர் என் பிடித்த கையில் காய்ப்பு இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தார், அவ்வளவுதான். "சுடட்டும். ஸ்கோரை நிறுத்தி வையுங்கள், பெயரைச் சரி செய்து வரட்டும்" என்று இந்தியில் சொன்னதாகப் பக்கத்தில் இருந்த கேரளப் பையன் எனக்கு மொழிபெயர்த்தான். வைகிறவனுக்கு எல்லாரையும் வைய வேண்டும் என்று தோன்றும். ஆனால் அந்த மீசைக்காரரை எப்படி வைவது? டீயும் வாங்கிக் கொடுத்தார்.

என் வரிசை வந்தது. மைக்கில் அப்பா பெயரைக் கூப்பிட்டார்கள். வடக்கத்தி உச்சரிப்பில், கடைசி எழுத்தை முழுங்கி. எங்கள் வீட்டில் அந்தப் பெயரை யாரும் சத்தமாகச் சொல்லி நான் கேட்டதில்லை. அம்மா சொல்லவே மாட்டாள். ரேஷன் கடையில் கேட்டால்கூட "அவிய பேருங்களா? இந்தப் பையனக் கேளுங்க" என்று என்னை முன்னால் தள்ளுவாள். தறிப் பட்டறையில் அவரை 'ஏப்பா' என்று கூப்பிடுவார்கள். அந்தப் பெயர் அவ்வளவு பெரிய ஹாலில், அவ்வளவு பேர் நடுவில், ஸ்பீக்கரில். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. சுடப் போகிறவனுக்கு அது நல்லதல்ல.

முதல் பத்து குண்டு சுமார். இரண்டாவது பத்தில் கை நின்றது. நாற்பதாவது குண்டுக்குப் பிறகு என்ன நடந்தது என்று எனக்கே தெரியாது. ஜாக்கெட்டுக்குள் வியர்வை ஓடியது, திரையில் 10.4, 10.6, 10.3 என்று வந்துகொண்டே இருந்தது. அறுபது முடிந்து துப்பாக்கியைக் கீழே வைத்தபோது மொத்தம் 607.3. தேசியப் போட்டிக்கான அளவைத் தாண்டிவிட்டேன். ஒலிம்பிக்காரர்கள் 630க்கு மேல் போடுகிறார்கள் என்பது எனக்கும் தெரியும். ஆனால் பதினாலு மாசத்தில், ஐந்தில் ஒரு பங்கு துப்பாக்கியில் 607.3!

திரையைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அப்பாவுக்கு அனுப்பினேன். உடனே போன். பின்னால் தறிச் சத்தம்.

"ஏஞ்சாமி, எம்பேரு போட்டுருக்குது?"

"அதொரு கதைங்கப்பா. வந்து சொல்றேனுங்க."

"சரி சரி. நீ சாப்ட்டயா?"

அன்று ராத்திரி ஷிப்டு முழுவதும் அந்தப் படத்தைப் பட்டறையில் எல்லாருக்கும் காட்டினாராம்.

ஊருக்கு வந்த மறுநாளிலிருந்து வேட்டை ஆரம்பம். மின்னஞ்சல் மட்டும் பதினொன்று. இயந்திரம் பதினொரு தடவையும் பெற்றுக்கொண்டது. போனை ஒரு நாள் ஒருவர் எடுத்தேவிட்டார், இந்தியில். எனக்குக் கை நடுங்கியது, போபாலில் நடுங்காத கை. அப்பாவின் பட்டறையில் வேலை செய்யும் பீகார் அண்ணனிடம் ஓடிப்போய்க் கொடுத்தேன். அவர் எனக்காக ஐந்து நிமிடம் உருகி உருகிப் பேசினார். 'பச்சா', 'கரீப்', 'மெஹனத்' என்று எனக்கே நாலு வார்த்தை புரிந்தது. வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "என்னண்ணா சொன்னாங்க?" "சாப்பாட்டு டைம் தம்பி. அப்புறம் போன் பண்ணச் சொல்லுது." அப்புறம் யாரும் எடுக்கவில்லை.

முத்திரைத்தாளில் உறுதிமொழி, நோட்டரி கையெழுத்து, ஆதார் நகல், மார்க் ஷீட் நகல் எல்லாம் சேர்த்து ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பினேன். 'வழங்கப்பட்டது' என்று தபால்துறை காட்டியது. தபால்துறையை ஆயிரம் சொல்லலாம், ஆனால் அது தன் வேலையைச் செய்தது. மூன்று வாரம் கழித்து முதல்முறையாக ஒரு மனிதர் எழுதிய பதில். ஒரே வரி. மாநிலச் சங்கத்தின் மூலமாக அனுப்பவும். மாநிலச் சங்கத்தில் கேட்டால், "நாங்க ஏற்கெனவே அனுப்பிட்டோமே தம்பி." இருவருமே பொய் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். இரண்டு மேஜைக்கு நடுவில் ஒரு காகிதம் கிடந்தது, குனிந்து எடுக்கத்தான் ஆள் இல்லை.

தகுதி பெற்றோர் பட்டியல் நவம்பரில் வந்தது. அப்பா பெயரும் இல்லை, என் பெயரும் இல்லை.

அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. நம் மாணவர் மன்றத்தில் நாம் உறுப்பினர். போன வருஷம் ஹாஸ்டல் தண்ணீர்த் தொட்டிக்குக் கையெழுத்து வாங்கினோம், தலைவரைப் பிடித்து உலுக்கினோம், தொட்டி வந்தது. ஏனென்றால் அடுத்த தேர்தலில் அவனுக்கு நம் ஓட்டு வேண்டும். தேசிய விளையாட்டு அமைப்புகள் அப்படிக் கட்டப்பட்டவை அல்ல. அங்கே ஓட்டுப் போடும் உறுப்பினர்கள் மாநிலச் சங்கங்கள். பணம் கட்டும் நானும் அந்த பிஸ்டல் அக்காவும் வெறும் எண்கள். எங்கள் மின்னஞ்சலுக்குப் பதில் வராவிட்டால் அங்கே யாருடைய நாற்காலியும் ஆடாது. 2025 ஆகஸ்டில் தேசிய விளையாட்டு ஆளுகைச் சட்டம் நிறைவேறியிருக்கிறது. நிர்வாகக் குழுவில் வீரர்களுக்கும் இடம் வேண்டும் என்கிறது, தகராறுகளுக்குத் தனித் தீர்ப்பாயம் என்கிறது. படித்துப் பார்த்தேன், நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு இனிஷியலுக்காகத் தீர்ப்பாயம் போக முடியுமா? எனக்கு வேண்டியது வக்கீல் அல்ல. அந்த அலுவலகத்தில் போன் எடுக்கிற ஒரு ஆளும், படிவத்தில் அந்தச் சிவப்பு நட்சத்திரத்தை அழிக்கிற ஒரு விரலும்.

அவர்களுக்கும் கஷ்டம் இருக்கும், இல்லை என்று சொல்லவில்லை. பாரிசுக்குப் பிறகு என்னைப் போலத் தட்டைத் தட்டிவிட்டு எத்தனை பேர் கிளம்பியிருப்பார்கள்! எங்கள் கிளப்பிலேயே காத்திருப்போர் பட்டியல் இருக்கிறது. ஆனால் கூட்டம் கூடியபோது பணம் வாங்குகிற இயந்திரத்தைச் சரியாகப் பூட்டியவர்களுக்குப் பதில் சொல்கிற ஆளை உட்கார வைக்க மட்டும் ஏன் தோன்றவில்லை?

டிசம்பரில் தேசியப் போட்டி நடந்த நாட்களில் நான் சி.என்.சி. லேபில் இருந்தேன். ஜாபில் இரண்டு முறை ஆஃப்செட் தப்பாகப் போட்டேன். லேப் அசிஸ்டென்ட் "துப்பாக்கிக்கு என்ன ஆச்சு?" என்றார். அப்பாவிடம் சொன்னபோது, "அது கெடக்குது உடு கண்ணு, அடுத்த வருசம் பாத்துக்கலாம்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "எம்பேரு அவ்வளவு பெரிய பேரா இருந்திருக்க வேண்டாமோ" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

இந்த ஜனவரியில், ஒரே வாரத்தில் இரண்டு தபால். ஒன்று கார்டு. என் பெயர், என் போட்டோ, இனிஷியல் சரியான இடத்தில். எழுத்துப் பிழைகூட இல்லை. கீழே, 'செல்லுபடியாகும் நாள்: 31.12.2025 வரை.' இன்னொன்று போபாலில் கலந்துகொண்டதற்கான சான்றிதழ், அப்பா பெயரில், தங்க நிற எழுத்தில். அதை நான் கிழித்துப் போடப் போனேன். அப்பா பிடுங்கி எடுத்துக்கொண்டுபோய் லேமினேஷன் செய்து, சாமி படத்துக்குப் பக்கத்தில் ஆணி அடித்து மாட்டிவிட்டார். விருந்தாளி யாராவது "நீங்க எப்பங்க துப்பாக்கி சுட்டீங்க?" என்று கேட்டால், "அதெல்லாம் ஒரு காலமுங்க" என்கிறார், முகத்தில் ஒரு சிரிப்பும் காட்டாமல். அம்மா வெள்ளிக்கிழமை அதையும் சேர்த்துத்தான் துடைக்கிறாள். என்ன எழுதியிருக்கிறது என்று மட்டும் யாரிடமும் படித்துச் சொல்வதில்லை.

நேற்று புதுப்பிக்கும் படிவத்தைத் திறந்தேன். முதல் பெயர், குடும்பப் பெயர். சிவப்பு நட்சத்திரம் இரண்டும் அப்படியே இருக்கின்றன. இந்த முறை நானே தட்டினேன். முதல் கட்டத்தில் என் பெயர், இரண்டாவதில் ஒரே ஒரு எழுத்து. 'குறைந்தது இரண்டு எழுத்துகள் தேவை' என்றது. அதே எழுத்தை இரண்டு தடவை போட்டேன். ஏற்றுக்கொண்டது. பணம் கட்டினேன். இரண்டு வினாடியில் குறுஞ்செய்தி வந்துவிட்டது.